எடை மெஷினில் என் கால்விரல்

அன்புக்கும் வம்புக்கும் உரிய அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அப்பா தினமும் நடக்கப் போகிறாரா, இல்லை "போறேன், போறேன்" என்று சொல்வதோடு சரியா? நான் நலம். போன வருஷம் பட்டினி கிடந்து இறக்கிய எடை திரும்ப ஏறாமல் அப்படியே நிற்கிறது.

போன வாரம் விடுதியில் ஒரு குறும்பு செய்தேன். என் அறைத்தோழி எடை மெஷினில் ஏறியபோது, பின்னால் நின்று கால்விரலால் லேசாக அழுத்திவிட்டேன். மூன்று கிலோ கூடிவிட்டது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் மத்தியானம் அவள் தட்டைத் தொடவே இல்லை. "பசிக்கலடி" என்றாள். போன வருஷம் நான் உன்னிடம் சொன்ன அதே பொய், அதே முகம். உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன். தலையணையால் நாலு சாத்து சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மெஷினை வார்டனிடம் கொடுத்துவிட்டோம்.

இப்போது பசித்தால் சாப்பிடுகிறேன், போதுமென்றால் நிறுத்துகிறேன். "போதுமா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

அலமாரியில் இருக்கும் என் தொளதொள சட்டையை அனுப்பு. அப்படியே, "இன்னும் ஒரு வாய்டி" என்று கெஞ்சுவாயே, அதை ஃபோனில் பேசிப் பதிவு செய்து அனுப்பு. அன்றைக்கு உன்மேல் எரிந்து விழுந்தேன். இன்றைக்குக் கடைசி வாய் வரும்போதெல்லாம் நீ சொல்வாய் என்று காத்திருக்கிறேன்.

மணி அடித்துவிட்டது, சாப்பிட ஓடுகிறேன்.

உன் வாலு