நன்றியுரையில் கொடுத்த காணி

கரவெட்டி,
03.11.2024

அன்பு மகள் கலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் நிவேதனாக் குட்டியும் அந்த நோர்வேக் குளிருக்குள் ஒரு தடிமன் காய்ச்சலும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது, கிணறு அரைவாசிக்கு வந்துவிட்டது, அப்பா காலையில் எழும்பியதும் முதல் வேலையாக அதை எட்டிப் பார்த்து இன்றைக்கு இன்னும் ஒரு முழம் ஏறியிருக்கிறது என்று வந்து அறிவிப்பார், ஏதோ தானே நிரப்பியது மாதிரி. அவருடைய முழங்கால் நோ பரவாயில்லை. நோவெண்ணெய் பூசச் சொன்னால் மணக்கிறது என்று ஓடுகிறார், கடைக்குப் போகச் சொன்னால் கால் நோகிறது, நூலகத்துக்குப் போக மட்டும் அந்தக் கால் ஒருநாளும் நோவதில்லை. எங்கள் ஆடு கறுப்பி இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய், அதனால் எனக்கு அவளோடு கொஞ்சம் மனத்தாங்கல்.

நாள்தோறும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் எழுதும் ஆசை என்று யோசிப்பாய். உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். போனில் கேட்டால் நீ அந்த இடத்திலேயே ஓம் அம்மா என்று சொல்லிவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். கடிதமென்றால் வந்து சேர இரண்டு கிழமையாவது செல்லும், நீ ஆறுதலாக வாசித்து, மருமகனோடும் கதைத்து, நாலு நாள் யோசித்துப் பதில் சொல்லலாம். என்னவோ ஏதோ என்று நெஞ்சிடியோடு வாசிக்காமல் இருக்க விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உன்னுடைய சீதனக் காணியை நான் உன்னைக் கேளாமல் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது வாயால்தான், கையொப்பம் ஒன்றும் வைக்கவில்லை. எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன், முதலில் சிரி, பிறகு கோபம் வந்தால் கோபி.

ஒக்ரோபர் வாசிப்பு மாதம் அல்லவா, எங்கள் சந்தி நூலகம் இந்த முறை கோயில் திருவிழா மாதிரிக் களைகட்டிவிட்டது. எல்லாம் புது நூலகர் பிரதீபாவின் வேலை. மயிலிட்டிப் பிள்ளை, அவ்வளவு தூரமும் ஸ்கூட்டியில் வந்து போகிறாள், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. முன்பு பத்திரிகை பார்க்க நாலைந்து பேர் மட்டும் வந்து, அதிலும் மரண அறிவித்தல் பக்கத்துக்கு அடிபட்டுக்கொண்டிருந்த இடம். இவள் வந்ததும் முதல் வேலையாகச் சிறுவர் மூலையில் தொங்கிய அமைதி காக்கவும் பலகையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் போட்டாள். புதன்கிழமைகளில் ஓர் ஓட்டோ நிறையப் புத்தகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகிறாள், வலையிலிருந்து மீன் தெரிந்தெடுக்கும் பெண்கள்கூட எடுத்து வாசிக்கிறார்களாம். சனிக்கிழமைகளில் பெர்னடெட் ரீச்சர் கதை சொல்கிறார், உனக்கு ஆங்கிலம் படிப்பித்த அதே ரீச்சர்தான், பென்சன் எடுத்தபிறகு ஆளே மாறிவிட்டார், நரிக்கு ஒரு குரல், முதலைக்கு ஒரு குரல். பத்திரிகை வாசிக்கும் ஆண்கள் ஒன்றும் கேளாதவர்கள் மாதிரி முகத்துக்கு நேரே பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள், ஆனால் அரை மணித்தியாலமாக ஒருவரும் பக்கம் புரட்டுவதில்லை. பிள்ளைகள் வாசிக்காமல் இருப்பதற்குக் காரணம் கைத்தொலைபேசியா பெற்றோரா என்று ஒரு பட்டிமன்றமும் நடந்தது. பெற்றோரைக் குற்றஞ்சாட்டியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் தீர்ப்புச் சொல்ல எழுந்த நடுவரின் போன் மூன்று தரம் அடித்துவிட்டது, அதோடு மற்ற அணி வென்றுவிட்டது. அப்பா அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கான உரத்து வாசித்தல் போட்டியில் பழைய வானொலிச் செய்தியாளர் மாதிரிக் குரலை இறக்கி வாசித்து இரண்டாம் பரிசு எடுத்தார். முதல் பரிசு எடுத்தவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசித்தாராம், பாடமாக்கிக்கொண்டு வந்தவர் என்று அப்பா இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார், நீ அடுத்தமுறை கதைக்கும்போது அதைப் பற்றிக் கேட்டுவிடாதே, முழுக்கதையும் சொல்வார்.

இவ்வளவும் நடப்பது இரண்டே இரண்டு அறைக்குள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் விறாந்தைத் திண்ணையில் குந்தியிருந்து மடியில் கொப்பியை வைத்து எழுதுகிறார்கள், மழை பெய்தால் புத்தக அலுமாரிகளைப் படங்கு விரித்து மூட வேண்டும். அதனால் ஒரு மாடிக் கட்டடத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள், கீழே சின்னப் பிள்ளைகளுக்கு, மேலே படிக்கிற பிள்ளைகளுக்கு, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குச் சாய்வான பாதை வேறு. ஒக்ரோபர் 26, சனிக்கிழமை நடந்த நிறைவு விழாவில் அந்தப் படத்தைப் பெரிதாகத் தொங்கவிட்டிருந்தார்கள். விழாவுக்கு வந்த அதிகாரி எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, தை முடிவதற்குள் காணியும் உறுதியும் கையில் இருந்தால் கட்டடம் நிச்சயம், இல்லாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொன்னார். நூலகத்துக்கு இருப்பது மதிலுக்கு மதில் அந்தத் துண்டு நிலம்தான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரதீபா மட்டும் சிரித்த முகத்தோடு அந்தப் படத்தின் ஒரு மூலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அடுத்தது நன்றியுரை, வாசகர் வட்ட உபதலைவி என்று நான்தான். தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், விருந்தினருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, றோல்ஸ் பொரித்த பெண்களுக்கு நன்றி என்று வரிசையாக வந்துகொண்டிருந்தேன். மழைக்கு எல்லோரும் உள்ளே நெருங்கி நின்றதால் இடமில்லாமல் ஓர் ஆறு வயதுப் பிள்ளை மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துக்கொண்டு படப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, சனம் அவற்றைக் கடந்து கடந்து போகிறது, பிள்ளை ஒரு தரம்கூடத் தலையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்தேன், தாளை மடித்தேன், வாய் தன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. “உந்த மதிலுக்கு அங்காலை கிடக்கிறது என்ரை காணிதான். அதை நூலகத்துக்கு எடுங்கோ.” அவ்வளவுதான் சொன்னேன். கைதட்டல் ஓட்டுக்கூரையில் பெய்த மழையைவிடப் பெரிதாகக் கேட்டது. மிஞ்சிப்போயிருந்த ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து எனக்குப் போர்த்தினார்கள், பிரதீபா கண்ணைத் துடைத்தாள், அதிகாரி எழுந்து வந்து கும்பிட்டார். அப்பா மட்டும் கைதட்டாமல் தன் குடைக்காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் அப்பா சொன்னார், “இஞ்சாரும், அது பிள்ளையின்ரை காணியெல்லே.” எனக்கு மின்சாரம் அடித்தது மாதிரி இருந்தது. எனக்குச் சீதனமாக வந்த காணி, உன் கலியாணத்தோடு உனக்கு எழுதித் தந்து பதினாலு வருடம். உறுதி உன் பேரில். ஆனால் வேலி அடைப்பதும் நான், முருங்கைக்காய் ஆய்வதும் நான், பக்கத்து வீட்டு மாடு புகுந்தால் சண்டைக்குப் போவதும் நான், வாய்க்கு இன்னும் அது என்ரை காணிதான். எங்கள் ஊர்த் தாய்மார் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது, மகளுக்குக் கொடுத்துவிட்டு மறுநாளே போய் அதில் தேங்காய் பொறுக்குவோம். ஆனால் ஒருத்தியும் என்னைப் போல ஒலிவாங்கியில் போய்ச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை வாசகர் வட்டத்தார் நாலு பேர் மண்வெட்டியோடு பற்றை வெட்ட வந்துவிட்டார்கள். மழை விடட்டும் என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினேன். அன்று பின்னேரம் நூலகத்துக்குப் போனால் வாசல் கரும்பலகையில் என் பேரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுற்றிவரப் பூ வேறு கீறி வைத்திருந்தார்கள். எனக்கு அதற்குக் கீழால் உள்ளே போகக் கால் வரவில்லை. பிரதீபாவை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், முகம் ஒரு நிமிடம் செத்துவிட்டது. பிறகு தானே போய்த் துணியால் என் பேரைத் துடைத்துவிட்டு வந்து, வாசகர் வட்டக் கமிற்றியில் இதை நானே சொல்ல வேண்டும் என்றும் தான் பக்கத்தில் இருப்பதாகவும் சொன்னாள். நல்ல பிள்ளை.

வியாழக்கிழமை கமிற்றி கூடியது. சொன்னேன். தலைவர் சோமசேகரம், தபால் கந்தோரில் பெரியவராக இருந்து ஓய்வெடுத்தவர், அவர் இதை ஒரு பிரச்சினையாகவே எடுக்கவில்லை. மின்சார இணைப்பு எடுக்கவென்று நீ உன் சார்பில் நான் கையொப்பம் வைக்கலாம் என்று எழுதித் தந்த அற்றோணிப் பத்திரம் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும், அதைத் தபாலில் வாங்கித் தந்தவரே அவர்தானே. “உங்களிட்டை அற்றோணி கிடக்குத்தானே, நீங்களே வையுங்கோவன் கையெழுத்தை. பிள்ளை தாயின்ரை சொல்லைத் தட்டுமே?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தட்டாது. அதுதான் எனக்குப் பயம்,” என்றேன். தைப்பொங்கல் வரைக்கும் உன் பதிலுக்குக் காத்திருப்பதென்று தீர்மானம் எழுதினார்கள்.

மகள், இனி எழுதப்போவதைத்தான் எழுதக் கை பின்னிற்கிறது. மறதியில் சொல்லிவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அது முழு உண்மையில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது நீ அந்தக் காணிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு அடியால் அளந்து நடந்தாய். இதில் குசினி, இதில் விறாந்தை, கிழக்கே ஒரு பெரிய யன்னல், நாங்கள் இரண்டு பேரும் வேலையால் ஓய்வெடுத்ததும் வந்துவிடுவோம் அம்மா என்றாய். நிவேதனா மாமரத்தோடு ஒட்டினாற்போலத் தனக்கு ஓர் அறை கேட்டாள், மருமகன் சிரித்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீயும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இனி எங்கே அம்மா என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம். அன்று அவ்வளவு சனத்துக்கு முன்னால் அந்தக் காணி என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாகப் போனதென்றால், நீ வருவாய் என்று பார்த்திருப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன் என்றுதானே அர்த்தம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது. குசினிக்குள் நின்று அழுதேன். அப்பா தெரியாதவர் மாதிரி வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார், அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அதனால் எனக்கு உன்னிடமிருந்து ஓர் உண்மையான பதில் வேண்டும். நிவேதனாவின் படிப்பு, உங்கள் வேலை, உங்கள் சிநேகிதர், எல்லாம் அங்கேதான் என்று ஆகிவிட்டால் அதைச் சொல்ல வெட்கப்படாதே, அதில் ஒரு குற்றமும் இல்லை, நான் ஒரு நாள் அழுவேன், மறுநாள் எழும்பி வேலையைப் பார்ப்பேன். அப்படியென்றால் அந்த இரண்டு பரப்புக் காணியையும் உன் கையால், உன் பேரால் கொடு. என் பேர் அந்தக் கரும்பலகையில் இருந்தது ஒருநாளைக்குப் போதும். அந்த இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்து வாசிப்பார்கள் என்றால் எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கவே மிச்ச நாள் போய்விடும். இல்லை, வீடு கட்டத்தான் போகிறீர்கள் என்றால் அதையும் எழுது. பிள்ளைகளை நான் கைவிடமாட்டேன், வேறு காணி தேடி வீடு வீடாக நானும் பிரதீபாவும் ஏறி இறங்குவோம், சந்திக்குக் கிழக்கே பூட்டிக் கிடக்கும் இரண்டு வளவுகளை இப்போதே மனத்துக்குள் குறித்து வைத்திருக்கிறேன், அவற்றின் சொந்தக்காரர் கனடாவில் இருந்தாலும் சரி, நான் விடப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இருட்டிலேயே எழும்பி இருட்டிலேயே வேலைக்குப் போகிறாய், ஒரு கோப்பை கஞ்சியாவது குடித்துவிட்டுப் போ. குட்டியோடு வீட்டில் தமிழில் கதையுங்கள், அவளுக்கென்று பெர்னடெட் ரீச்சர் ஒரு கதைப் புத்தகம் தந்திருக்கிறார், இந்தக் கடிதத்தோடு வருகிறது. மருமகனுக்கு எங்கள் அன்பு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் மனம் நிறைந்து நீடூழி வாழ அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். மருமகனையும் வைத்துக்கொண்டு யோசித்துப் பதில் எழுது, போனில் சொல்லாதே. அம்மாவின் முகம் கெட்டுவிடுமே என்று மட்டும் ஓம் சொல்லிவிடாதே. மாட்டேன் என்று நீ எழுதினால் அந்தக் கடிதத்தை நூலகத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னால் உரத்து வாசிப்பேன், வெட்கப்பட வேண்டிய அளவுக்கு வெட்கப்படுவேன், அது முடிந்த கையோடு உன் வீட்டுக்கு வாசல் எங்கே, குசினி எங்கே என்று அளந்து நிலையம் எடுக்க ஆசாரியார் வீட்டுக்கு ஓடுவேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
நாகேஸ்வரி