கூச்சம் வராத கால்

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், என் வாய் என்னைவிட நல்ல சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அங்கேயும் தட்டில் பாதியை ஒதுக்கி வைக்கிறாயா? கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நான் பள்ளிக்கூடம் போன அழகுக்கு இவ்வளவு எழுதுவதே பெரிய காரியம்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். எனக்குச் சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றி. சமையலறையில் நான் பெருமூச்சு விட்டாலே கூடத்திலிருந்து என்ன என்று கேட்கிற மனிதர்.

முதலில் நீ அனுப்பிய பிரஷ் கதையைச் சொல்கிறேன். பார்சலைப் பிரித்தபோது உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர் அல்லவா, நீளக் கைப்பிடியையும் முரட்டு முடியையும் பார்த்ததும், மகள் நமக்குத் தொழில் சாமான் அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். தண்ணீரில் நனைத்து, குளியலறைச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்தார். கோடு கோடாக விழுந்தது. உன் பொண்ணை எவனோ நல்லா ஏமாத்திட்டான் என்றார். கெட்டிக்காரி என்றால் அவர் பெண், ஏமாந்தால் மட்டும் என் பெண்.

அப்புறம் நீ போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னாய். அது உடம்புக்காம். குளிப்பதற்கு முன்னால் தண்ணீர் படாமல், பாதத்தில் ஆரம்பித்து நெஞ்சைப் பார்த்து மேலே மேலே மெதுவாகத் தேய்க்க வேண்டுமாம். வறண்ட தோல் உதிர்ந்து மினுமினுப்பு வருமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, அப்படித் தேய்க்க நான் என்ன துருப்பிடித்த இரும்புக் கேட்டா? ஆனால் உன் அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய சுவரைச் சுரண்டித் தூசி தட்டாமல் பெயிண்ட் அடித்தால் ஒட்டுமா, அதே கதைதான் இது, தேய்த்துக் குளித்துவிட்டு எண்ணெய் தடவினால் தோல் பிடித்துக்கொள்ளும் என்றார். என் முதுகை அவர் தேய்த்த அழகைச் சொல்ல வேண்டும். ஒரு மூலை விடவில்லை. எத்தனை கோட்டிங் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். சுவர் ரொம்பப் பழசு, சொல்ல முடியாது என்றார். எகத்தாளம்.

அடுத்து என் முறை. அவர் காலைப் பிடித்தேன். அந்தக் காலைப் பற்றி உனக்கே தெரியும். சின்ன வயதில் உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் நேராக அவர் உள்ளங்காலில்தான் விரலை வைப்பாய். மனிதர் உருண்டு புரண்டு, கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிடுவார். இப்போதும் வலது காலில் பிரஷ் பட்டதும் ஓர் உதை விட்டார், டீ கிளாஸ் உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. சரி, இடது காலைப் பிடித்தேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். உள்ளங்கால் சிவக்கிற வரைக்கும் தேய்த்தேன். பேப்பரை இறக்காமலே கேட்கிறார்:

“எப்ப ஆரம்பிக்கப் போற?”

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நம் வீட்டில் அதுதானே முழுநேர வேலை. ஆனால் அவர் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அதே இடது காலைத் தேய்த்தபோது சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், என் கை அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார். ஆகவே ஒரு வேலை செய்தேன். அவர் பேப்பருக்குப் பின்னால் இருக்கும்போது பிரஷ்ஷை மடியில் வைத்துவிட்டு, தோளை மட்டும் ஆட்டினேன். பேப்பருக்கு மேலே என் தோள் ஆடுவது தெரிந்திருக்கும். ஐயோ விடு விடு என்று சிரித்தார். நான் தொடவே இல்லை, கண்ணு. எனக்கு அவரோடு சேர்ந்து சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

போன வாரம் ஒற்றைச் செருப்போடு மாடியேறி வந்தார். இன்னொன்று கீழ்ப்படியில் கிடந்தது. எந்தப் பெண் கழற்றி வைத்துக்கொண்டாள் என்று கேட்டேன். குனிந்து இடது காலைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மருந்துக்கடைக்காரரிடம் இதையெல்லாம் வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாதத்தில் புண் இருக்கிறதா, சர்க்கரை பார்த்தீர்களா, சீக்கிரம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். வீட்டில் வந்து சொன்னால், சர்க்கரை பார்க்க நான் என்ன மளிகைக் கடையா என்கிறார் உன் அப்பா. தரை சில்லென்று இருக்கிறது, அதனால் மரத்துப்போயிருக்கும் என்கிறார். நம் வீட்டுத் தரை ஒரு காலுக்கு மட்டும் சில்லென்று இருக்குமா? எனக்குப் புரியவில்லை.

புரிந்தது ஒன்றே ஒன்று. வருகிற திங்கட்கிழமை மேஸ்திரி அவரை அந்த உயரக் கட்டடத்தின் வெளிச்சுவருக்குக் கூப்பிட்டிருக்கிறார். கயிற்றில் தொங்குகிற பலகை மேல் நின்று அடிக்க வேண்டும். பலகையில் கால் எங்கே இருக்கிறது என்று காலுக்குத்தானே தெரிய வேண்டும்? குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டா சுவருக்கு அடிப்பார்? வேண்டாம் என்றேன், சாமான் பையைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்துவிட்டார். நான் எதைச் சொன்னாலும் கேலி என்று எடுத்துக்கொள்கிறார். காலமெல்லாம் கேலி பேசினால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்.

அதனால் நீ சொல். உன் பேச்சை மீற அவரால் முடியாது. திங்கட்கிழமைக்கு முன்னால் போன் போடு. நான் எழுதியதாகச் சொல்லாதே. பிரஷ் காலுக்கு ஒத்துக்கொண்டதா என்று தற்செயலாகக் கேட்பது போலக் கேட்டு, டாக்டரிடம் காட்டிய பிறகுதான் பலகை ஏற வேண்டும் என்று அவர் வாயால் சத்தியம் வாங்கு. அதட்டு, அழு, எதை வேண்டுமானாலும் செய். சின்ன வயதில் எப்படியெல்லாம் சாதித்தாய்.

காலில் உணர்ச்சி இல்லாவிட்டால் எவ்வளவு ஆபத்து என்று அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல். எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுது. இந்த ரக பிரஷ் சில பேருடைய காலில் கூச்சம் உண்டாக்காது, அம்மா தேய்த்ததுதான் சரியில்லை என்று எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

நீ மகராசியாக இருக்க வேண்டும். வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும், படி இறங்கும்போது ஒவ்வொரு படியும் காலில் படுகிறதா என்று பார்த்து இறங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா