கிளப் பிரிண்டரும் மலர்க்காட்சி அட்டைகளும்

1999 மே 10, திங்கள்
காலை முழுக்கப் பனிமூட்டம். கொடியில் போட்ட வேட்டி நேற்றைவிட ஈரம்.

குழம்பாமல் இருக்க:
1. மகன் விட்டுப்போன லினக்ஸ் கணினியைக் கிளப் வாசிப்பறையில் வைத்து, ஜன்னல் வழியே ஆபீஸ் விண்டோஸ் கணினிக்கு ஒயர்.
2. அதில் மாட்டியிருக்கும் பிரிண்டரை இங்கிருந்தே பிடிப்பது.
3. மலர்க்காட்சிப் பெயர் அட்டைகள், சனிக்கிழமைக்குள்.
4. என் கை நடுங்குவது கிளப்பில் யாருக்கும் தெரியாது.

நாலாவது வேலை இல்லைதான். இருக்கட்டும்.

வருஷா வருஷம் அட்டைகள் என் கையெழுத்தில். ரிட்டயரானபின் எனக்கு மிஞ்சிய ஒரே உத்தியோகம். இப்போது 'டேலியா' என்று எழுதினால் மண்புழு மாதிரி வருகிறது. செயலாளரிடம், "காலம் மாறுதுங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சுடலாம்" என்றேன். "வரலேன்னா பழையபடி கையிலயே எழுதிடுங்க சார்" என்றார்.

மே 11, செவ்வாய்
ஒயர் போட்டாயிற்று. கணினிகள் ஒன்றையொன்று கூப்பிட்டால் பதில் சொல்கின்றன. பிரிண்டர் மட்டும் பாஸ்வேர்டு கேட்கிறது.

டைப்பிஸ்ட் விஜயாவிடம் போனேன். இதே மலையில் கரடியூர்ப் பெண். சீசன் ரூம் புக்கிங்கில் அவள் கணினிக்கு ஓய்வே இல்லை; அதனால்தான் எனக்கு இந்தச் சுற்றுவழி.
"ஏனுங்க சார், அத மட்டும் கேக்காதீங்க."
"யாராவது சொல்லக்கூடாதுன்னாங்களாம்மா?"
"நாந்தானுங்க வெச்சேன். சொல்ல முடியாதுங்க."
முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். என்ன தப்பாகக் கேட்டேன்? மாலை முழுதும் இதே யோசனை. மாத்திரை போட மறந்துவிட்டேன்.

மே 12, புதன்
மழை. கரண்ட் போவதும் வருவதும்.

கேன்டீன் மாரியப்பன் விஷயத்தை உடைத்தார். "ஊட்டுக்காரரு பேரையே பாஸ்வேர்டா வெச்சிருக்குதுங்க. அது எப்படி வாயால சொல்லும்?"
"மாரியண்ணா, வடை கருகுது, அதப் பாருங்க!" (உள்ளிருந்து விஜயா.)
பெயர் என்ன என்று மாரியப்பனையே கேட்டேன். "நமக்கு அவரு மாப்ளதானுங்க. பேரு யாரு கேட்டா?"
எழுதியாவது காட்டம்மா என்றேன். எழுதினாலும் சொன்ன மாதிரிதானாம். முதலில் டைப் அடித்தாயே?
"அப்ப வெறும் நட்சத்திரமாத்தானுங்க வந்துது. பேரா வரலீங்களே."
என் லினக்ஸிலோ பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும், பெயர் பெயராகவே நிற்கும். தொடமாட்டாள். பரிதாபப்பட்டு ஒரு துப்பு கொடுத்தாள்: "மலை மேல இருக்கற சாமிங்க."

முருகன்! இவ்வளவுதானா. முறையாக ஆரம்பித்தேன்: முருகன், கந்தன், வேலன், குமரன், ஆறுமுகம், பழனி... முத்துக்குமாரசாமி வரை போயாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: அனுமதி இல்லை. தமிழ் எம்.ஏ. படித்து என்ன பயன்.

மே 13, வியாழன்
செயலாளர் எட்டிப்பார்த்தார். "என்ன சார், பேனாவ எடுத்துடலாங்களா?" சிரித்து வைத்தேன். கை சட்டைப் பைக்குள்.

விஜயாவிடம், முருகன் பெயர்களெல்லாம் தீர்ந்துவிட்டன என்றேன். முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பு. "எந்த ஊர்ல சார் இருக்கீங்க? இந்த மலையில நின்னுக்கிட்டுப் பழனிக்குப் போறீங்க! இங்க மே மாசத் திருவிழா யாருக்குங்க?"

சேர்வராயன், இந்த மலைக்கே பேர் கொடுத்த சாமி. இத்தனை வருஷம் மேலே குடியிருந்தும் புத்தி மட்டும் சேலத்திலேயே.

அடித்தேன். பிரிண்டர் உறுமிற்று! ஆனால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலேயே தொடங்கி, படிக்கட்டாய் இறங்கி, அட்டையை விட்டே போய்விட்டது. மாரியப்பன் தூக்கிப் பார்த்து, "உட்டா அடிவாரத்துக்கே போயிருமாட்ட இருக்குதுங்க" என்றார்.
காரணம்: லினக்ஸ் வரி மாறும்போது கீழே இறங்கும், இடது ஓரத்துக்குத் திரும்பாது. திரும்பச் சொல்ல வேண்டும். கையேட்டில் இருக்கிறது. படித்து அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

மே 14, வெள்ளி
நல்ல வெயில். அட்டைகள் அத்தனையும் நேர் வரிசை. 'டேலியா' என்றால் டேலியா. பெருமையாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும்.

செயலாளர் பரிசுச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து வைத்தார். அடியில் என் கையொப்பம் வேண்டும். இதை எப்படி மறந்தேன்? பேனா எதிரே. கையை வெளியே எடுக்கவில்லை.

விஜயா வந்து மேஜையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்தாள். "சேலத்துல செஞ்சு வாங்கியாரச் சொன்னேனுங்க. போன வருஷச் சான்றிதழ்ல இருந்த உங்க கையெழுத்தேதான்." செயலாளர் ஆச்சரியப்படவே இல்லை, இங்க் பேடைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.
மாரியப்பன்: "பொங்கல்ல இருந்தே உங்களுக்கு மட்டும் டீ அரை டம்ளர்தானுங்க ஊத்தறேன். சிந்தக்கூடாதுல்ல."

திங்கட்கிழமைப் பட்டியலில் நாலாவது தவறு.