நீக்கிய பதினோரு பெயர்கள்

புரட்டாசி 12, வியாழன்

விவசாயிகள் சங்கம் விதைநெல் கொடுக்கும் பட்டியலில் இரண்டு முறை வந்த பெயர்களைக் களைய, போன வாரம் பைத்தான் கணினி மொழியில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் ஒத்திருந்தால் ஒன்றை நீக்கிவிடும். பதினோரு பெயர்கள் போயின. அவை யார் யாருடையவை என்று நான் பார்க்கவே இல்லை.

எங்கள் ஊரில் முனியசாமி மகன் கருப்பையா இரண்டு பேர். எனக்குத் தெரியாதா என்ன? அவர்களில் ஒருவர் என்னைப் பெற்ற அய்யா.

இன்று வெறும் சாக்கோடு திரும்பி வந்தார்.

"எம் பேரு இல்லையாம்த்தா. நெல்லும் தீந்துபோச்சு."

"அங்கனயே சண்டை போட வேண்டியதுதானே, அய்யா?"

"நீ போட்ட பட்டியலுல்ல? தப்பா இருக்காதுன்னு பேசாம வந்துட்டேன்."

மிச்சம் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் பேசாமல்தான் போனார்களோ.