வேலிக்குள் வந்தவள்

ஜூன் 14

வேலிக்குள் நின்று பார்த்தேன். வில்லோ புதர் என் மார்பு வரை. வெளியே அதே மண், அதே வெயில், முழங்கால்தான். வெளியே பனிமான்கள் மேய்கின்றன. உள்ளே எதுவும் நுழைவதில்லை. மான் வாய் படாவிட்டால், உலகம் சூடாகி நீண்டுகொண்டே போகும் இந்தக் கோடைகளில் புதர் எவ்வளவு உயரும்? அதற்குத்தான் பேராசிரியை சூல்வைக் பல வருடங்களுக்கு முன் வேலி போட்டார். இந்தக் கோடையின் அளவும் சேர்ந்தால் என் ஆய்வேடு முடிந்தது.

மந்தையோடு வந்த அண்ணன் நில்லாஸ் எட்டிப் பார்த்தான். "என்ன டாக்டரம்மா, காடே வளத்துட்ட! உள்ள மான் பூந்தா கொம்புகூடத் தெரியாது."

"பூராது. அதுக்குத்தான் வேலி."

ஜூன் 21

மழை. கொசு. ஆனாலும் ஏனோ பாடிக்கொண்டே அளந்தேன்.

ஜூலை 3

போச்சு.

ஒரு வேலிக் கம்பம் சாய்ந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் தரை உறைந்து விம்மித் தூக்கியிருக்கும். எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? வில்லோ மொட்டை. இலை இல்லை, நுனி இல்லை. நடுவில் புழுக்கை, பளபளவென்று. இனி எதை அளப்பது?

நில்லாஸிடம் கத்தினேன். "உன் மான்தான்!"

"ஏன், பக்கத்து மந்தைக்கு வாய் இல்லயா?"

ஜூலை 4

வேலியின் இன்னொரு கம்பத்தில் கட்டியிருந்த கேமராவில் படம். ஒரு பெண்மான், வாய் நிறைய இலை, நேராக என்னைப் பார்க்கிறது. இடக்காதில் இரண்டு வெட்டு. வலக்காது நுனி சரிவு. மான் யாருடையது என்று சொல்வது காதில் வெட்டும் குறிதான். இந்த மேட்டுநிலத்தில் அந்தக் காதுக்குறி ஒருத்திக்குத்தான்.

எனக்கு.

எனக்கு முதல் பல் முளைத்ததும் எங்கள் வழக்கப்படி ஞானத்தாய் கொடுத்த கன்றின் வழிவந்தவள். என் மான். என் ஆய்வேட்டைத் தின்றிருக்கிறது.

நில்லாஸ் பாசியில் புரண்டு சிரித்தான். "சொந்தக்காரிய விடாத! நாக்கப் புடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேளு!"

சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 5

சூல்வைக்கிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது:

"எவ்வளவு தின்னுச்சு? அளந்தியா?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட என்ன பேச்சு? போய் அள. இவ்வளவு வளந்த புதர மான் திரும்பக் கீழ இறக்குமான்னு நாம கேக்கவே இல்லயே!"

கேட்கவே இல்லை. இத்தனை வருடமும் வேலியை மூடியே வைத்திருந்தோம்.

ஜூலை 6

நானே வேலியைத் திறந்தேன். நில்லாஸ் மந்தையைப் பார்த்துக் கூவினான்: "வாங்க வாங்க, பந்தி போட்டாச்சு!"

அடுத்த ஆண்டு, ஜூலை 9

உள்ளே வில்லோ தொடையளவு. சில தண்டுகள் தப்பித்து நிற்கின்றன. தின்ற இடங்களில் தரைக்கு வெயில் எட்டியிருக்கிறது. ஒரு வெள்ளைப் பூ. இன்னொன்று. மண்டியிட்டு எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

ஒரு வேலி, ஒரு மந்தை. உலகம் குளிர்ந்துவிடவில்லை. தெரியும். ஆனாலும் புதர் இறங்குகிறது!

ஜூலை 12

கன்றுகளுக்குக் காதுக்குறி வெட்டும் நாள். என் ஆய்வேட்டைத் தின்றவளின் கன்றைச் சுருக்குக் கயிற்றில் நானே பிடித்தேன். இடக்காதில் இரண்டு, வலக்காது நுனியில் சரிவு.

"இவளும் ஆராய்ச்சி பண்ணுவாளா?" என்றான் நில்லாஸ்.

"அவங்க அம்மா பண்ணுனதயே நான் இன்னும் எழுதி முடிக்கல."

கயிற்றை அவிழ்த்ததும் ஒரே ஓட்டம், அம்மாவிடம். அவள் தலையைத் தூக்கவே இல்லை. வேலிக்குள் தின்றுகொண்டிருந்தாள்.

போன வருடம் சாய்ந்த வேலிக் கம்பத்தை நில்லாஸ் பிளந்து அடுப்பில் வைத்தான். காப்பி கொதிக்கிறது.