பல் கட்டுவதற்கு முந்தின வாரம்

ஜூலை 5, சனி

ஆடி பிறக்கும் முன்பே ஆடிக்காற்று. கோழிக் கொட்டகைப் படுதா கிழிந்துவிட்டது. தைக்க ஆள் சொல்ல வேண்டும்.

இவரைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பக்கமும் கீழ்க் கடைவாய்ப் பல் இல்லை. கழற்றி மாட்டும் பல் செட் உண்டு. அது இருப்பது அலமாரியில். "அதை மாட்டுனா வாயில செருப்பை வெச்சாப்ல இருக்குது புள்ள." மாசக்கணக்கில் குழைந்த சோறும் ரசமும்தான். கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம், வீட்டில் கறி மிக்ஸியில் அரைபடுகிறது. ஆள் இளைத்துப் போனார். பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு.

பல் டாக்டரம்மாவுக்கு நம் சின்னவள் வயசுதான். பொறுமைசாலி. சொன்னதில் மறக்கக் கூடாதவை:

– நிலையான பல்லைத் தாங்கும் ஸ்க்ரூ போடுவது தாடை எலும்பில். எலும்பு போதுமா என்று முதலில் ஸ்கேன். (போதுமாம். அப்பாடா.)
– எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்கச் சில மாசம். அப்புறம்தான் மேலே பல். உடனே பல் என்று போர்டு வைத்திருப்பது எல்லார் வாய்க்கும் ஆகாது.
– சுகர் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. (இவருக்கு இரண்டும் இல்லை. வெற்றிலையும் இல்லை.)
– நெஞ்சில் உலோக வால்வு இருப்பதால் இதய டாக்டர் சரி என்று எழுதித் தர வேண்டும். அன்றைக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக்.
– வால்வுக்காகச் சாப்பிடும் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க, அதை நிறுத்தவே கூடாது. "ரத்தம் வந்தா தையல் போட்டு நாங்க நிறுத்திக்குவோம்மா. நீங்களா எதுவும் பண்ணாதீங்க."

வால்வு ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த மாத்திரையை என் கையால்தான் கொடுக்கிறேன். ஒரு நாள் தவறியதில்லை. என்னிடமா சொல்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, 11ஆம் தேதி ஸ்க்ரூ. ஆடிக்கு முன்னால் முடிந்துவிடும். நிம்மதி.

ஜூலை 7, திங்கள்

இதய டா. கடிதம் வாங்கியாயிற்று. முந்தின நாள் ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரக் கணக்கு) பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

புதன்கிழமை குஞ்சுகளுக்கு மூக்கு வெட்டு. ஒன்றையொன்று கொத்திக் குதறாமல் இருக்க அலகு நுனியைச் சூட்டுக் கத்தியில் வெட்டிவிடுவோம். ரத்தம் நிற்க, தண்ணீரில் இன்றைக்கே வைட்டமின் கே பொடி. கலந்துவிட்டேன்.

மதியம் சங்ககிரியிலிருந்து நாத்தனார் போன். "நங்கை, எங்க லாரி ஆபீஸ்ல ஒருத்தரு பல்லுப் புடுங்கி, விடிய விடிய ரத்தம் நிக்கலீங்களாமா. அண்ணன் வேற அந்த மாத்திரை சாப்படறாருங்க. பாத்துக்கோங்க."

வைத்துவிட்டாள்.

கையில் பொடிப் பாக்கெட். மூக்கு வெட்டி ரத்தம் நிற்காமல் ஒரு குஞ்சு என் கொட்டகையில் செத்ததில்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்கள், சரி, நிறுத்தவில்லை. இது வைட்டமின்தானே? இவருடைய மோரில் ஒரு சிட்டிகை போட்டேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "என்னையும் கோழியாக்கிட்டா பாரு" என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார்.

ஜூலை 9, புதன்

மூக்கு வெட்டு முடிந்தது. வேலைக்கு வந்த பெண்கள் ஆறு பேருக்கும் டீ, பன். குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன.

இவருக்கு இன்றும் மோரில். நேற்றும் கொடுத்தேன். மனசு லேசாக இருக்கிறது.

பல் வந்ததும் என்ன தின்பது என்று இப்போதே திட்டம். "மொதல்ல வறுத்த கடலை. அப்பறம் நாட்டுக்கோழி நெஞ்செலும்பு. நீ அரைக்கிறதை நிறுத்திப்போடு." கடலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம்! இந்த மனுஷனோடு இருந்தால் கோபம் எங்கே நிற்கும்.

ஜூலை 10, வியாழன்

காலையில் ரத்தம் கொடுத்து வந்தோம். மதியம் டாக்டரம்மாவே போன்.

"அம்மா, ஐயா மாத்திரையை நிறுத்திட்டாரா?"

"இல்லீங்க. நாந்தானுங்க குடுக்கறேன்."

"ஐ.என்.ஆர். ரொம்பக் கீழ இருக்கு, ரத்தம் சீக்கிரம் உறையுது. வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, டானிக்?"

சொன்னேன். கோழிக்குப் போடும் பொடி என்றும் சொன்னேன்.

"அந்த மாத்திரை என்ன வேலை செய்யுதோ, அதை இந்த வைட்டமின் கெடுத்துடும்மா. வால்வுல ரத்தம் கட்டிக்கலாம். பல்லை விடுங்க. இப்பவே இதய டாக்டர்கிட்ட கிளம்புங்க. பாக்கெட்டையும் கொண்டு போங்க."

கார் நான்தான் ஓட்டினேன். இவரிடம், "அளவு கொஞ்சம் கம்மியாமுங்க, ஊசி போடோணுமாம்" என்று மட்டும். அவர் பாட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். வழியில் ஒரு லாரியைக்கூட நான் முந்தவில்லை. என் கையாலேயே இவரைக் கொன்றிருப்பேனே, சாமி.

ஜூலை 12, சனி

ஆஸ்பத்திரி. ஜன்னல் பக்கக் கட்டில். வெளியே தூறல்.

ஸ்கேன் பார்த்தாயிற்று. வால்வில் ரத்தக்கட்டு எதுவும் இல்லை. அதைக் கேட்டதும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். அளவு ஏறும் வரை வயிற்றில் ஊசி. பல் இப்போதைக்கு இல்லை, இதய டா. மறுபடி எழுதித் தந்தால்தான். ஆடியும் போகட்டும், ஆவணியும் போகட்டும். எனக்கு ஒன்றுமில்லை.

இட்லியைச் சாம்பாரில் பிசைந்து கொடுத்தேன். அவர் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். நாத்தனார் போன், பொடி, மோர், எல்லாம். தலை நிமிரவில்லை நான்.

"அதானா? அந்த மூணு நாளும் மோரு ஒரு மாதிரி கசந்துச்சு."

"அப்பறம் ஏனுங்க குடிச்சீங்க?"

"நீதான கொண்டாந்து குடுத்த."