செருப்பில் ஒட்டிய சிப்பி

அன்புள்ள அண்ணா,

சண்டை போட எழுதவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் எழுதுகிறேன்.

"தீனி போடாம சிப்பி வளருமா? இந்தத் தண்ணியில ஒண்ணுகூட ஒட்டாது" என்று ஒற்றைக் காலில் நின்றாயே! அந்தக் கோபத்தில் இறால் பண்ணை வேலைக்குக் கிளம்பியபோது, சிப்பி வளர்க்கக் கயிறுகள் தொங்கவிட்ட நம் மிதவையிலிருந்து உன் செருப்பு ஒன்று கடலில் விழுந்தது. இன்று கயிறுகளைத் தூக்கினோம். அவற்றில் சிக்கி அதுவும் வந்தது. கயிறெல்லாம் சிப்பிக் குஞ்சு. செருப்பிலோ கால் வைக்க இடமில்லை!

"உங்க அண்ணன் வாய்தான் ஒட்டாதுன்னுச்சு. காலு இங்கேயேதான் ஒட்டிக்கிட்டுக் கிடக்கு" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மறுபடி தண்ணீரிலேயே பத்திரமாகக் கட்டித் தொங்கவிட்டாள்.

நீ வாசலில் உதறிவிட்டுப் போன மற்றச் செருப்பை அங்கிருந்து எடுக்க அவள் இன்றுவரை யாரையும் விட்டதில்லை.

அறுவடைக்கு வெறுங்கையோடு வா, வெறுங்காலோடு வா, வந்தால் போதும்.

உன் வாயாடித் தங்கை